வளைவுதான் வீடு

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஏறினால் நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் குடியிருப்பு, அதாவது மந்து, ஒன்று வரும்; உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எருமை, பூத்துக்குளிச் சால்வை, கவிழ்த்த அரைப் பீப்பாய் போன்ற குடிசை, எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்தவைதான். அதனால் அடிப்படையை விட்டுவிடுகிறேன். அந்தக் குடிசையின் வளைவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மூங்கில் வேலை செய்பவன் நான். எனக்கு அதுதான் பெரிது.

இப்போது ஒரு மோகம் கிளம்பியிருக்கிறது. விடுதிகளில் ‘தோடா காட்டேஜ்’ கட்டுகிறார்கள். கம்பியை வளைத்து, கான்கிரீட் கொட்டி, மேலே வண்ணம் பூசிவிட்டால் முடிந்தது. என்னிடமே ஒருவர் வந்தார். “வாசல் ஏழடி வேணும், கண்ணாடி ஜன்னல் வேணும், பார்வைக்கு மட்டும் தோடர் வீடு மாதிரி இருந்தாப் போதும்” என்றார். முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். பழைய தோடர் வீடு ஏறக்குறைய 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். பருத்த மூங்கிலை வில்லாக வளைத்து இரு முனைகளையும் நிலத்தில் ஊன்றுவார்கள். அதன் மேல் மெல்லிய பிரம்புகளை ஒன்றையொட்டி ஒன்றாக, நெருக்கமாக, நீளவாக்கில் கட்டுவார்கள். அதற்கு மேல் புல். கவனியுங்கள்: பக்கச் சுவர் தனியாக, கூரை தனியாக இல்லை. வளைவே கூரை, வளைவே சுவர். வளைவுதான் வீடு.

ஒரு மந்தில் பெரியவர் ஒருவர் கட்டுப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பச்சைப் பிரம்பை இரண்டு சுற்றுச் சுற்றி, முழங்காலை மூங்கிலில் ஊன்றி இழுத்து, நுனியை அடியில் செருகினார். ஆணி கிடையாது. ஆணி மூங்கிலைப் பிளக்கும், மழையில் துருப்பிடிக்கும். பிரம்போ காயக் காய இறுகும். “இப்ப தொட்டுப் பாக்காதே தம்பி, காஞ்ச பெறகு வந்து தொடு” என்றார்.

தென்மேற்குப் பருவக்காற்று மோதுவதற்கு அந்த வீட்டில் மூலையே இல்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும். மழைநீரும் அப்படியே வழியும். வாசல் மூன்றடிதான், தவழ்ந்துதான் போக வேண்டும். உள்ளேயிருந்து பலகையை நகர்த்தி மூடினால் குளிரும் வராது, காட்டு விலங்கும் வராது. உள்ளே படுக்கத் திண்ணை, தரையில் பதித்த உரல்குழி, அடுப்பு. அடுப்புப் புகை புல் வழியாகக் கசிந்து போகும்போது பூச்சியையும் விரட்டும். இதில் எதைக் கான்கிரீட் செய்யும்? வளைவு இருக்கும், வீடு இருக்காது.

1822-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கிய ஸ்டோன்ஹவுஸைத்தான் எல்லோரும் ஊட்டியின் முதல் வீடு என்று புகழ்கிறார்கள். அது எழுந்ததே தோடர் மண்ணில். அதற்கு முன்பே இங்கே வீடுகள் இருந்தன, நேயர்களே, கட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். கல் மாளிகை எங்கும் கட்டலாம். இந்த மலைக்கென்றே பிறந்தது தோடர் வீடுதான். என் கணக்கில் நீலகிரியின் முதல் கட்டடக் கலை அதுதான்.

இன்று பெரும்பாலான தோடர் குடும்பங்கள் சிமெண்ட் வீட்டில் இருக்கின்றன. வசதி வேண்டும் என்று கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் கோயில்களை இன்னும் தோடர் ஆண்களே கூடி வேய்கிறார்கள். முத்தநாடு மந்தின் கூம்புக் கோயிலைப் பார்த்தால் கைத்திறன் அழியவில்லை என்று தெரியும். தட்டுப்பாடு புல்லுக்குத்தான். கோயிலுக்கு வேயும் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல் நீலகிரிச் சதுப்பில் வளர்வது. சதுப்பை வடித்துக் காய்கறி போட்டோம். புல்வெளியில் தைல மரமும் சீகை மரமும் தேயிலையும் நட்டோம். பிறகு புல் எங்கிருந்து வரும்?

ஆகவே, தோடர் வீட்டை மதிக்கிறேன் என்று கான்கிரீட்டில் நகல் எடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு சதுப்பை மீட்கலாம். மந்துக்குப் போனால் அனுமதி கேட்டுப் போங்கள், கோயிலருகே நெருங்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: புல் இருந்தால் கூரை இருக்கும், சதுப்பு இருந்தால்தான் புல் இருக்கும்.