ஊர் திரும்பும் உரிமை



காவேரியும் கொள்ளிடமும் சூழ்ந்த இந்தத் திருவரங்கத் தீவில் நின்று, சொந்தத் தீவை இழந்த மக்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமே என்று கருதுகிறேன். 1323-ஆம் ஆண்டு டில்லி இளவரசன் உலூக்கானின் படையெடுப்புக்கு அஞ்சி, வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் முதலிய பெரியோர் உடன் செல்ல, இவ்வூரை விட்டு நீங்கித் தேசாந்தரம் அலைந்த அரங்கநாதரின் உற்சவமூர்த்தி, 1371-இல் விஜயநகரத் தளபதி கோபண்ணருடைய முயற்சியால் மீண்டும் எழுந்தருளியபோது, பழைய பெருமாள் இவர்தாமோ என்று தெளியாது நின்ற ஊராருக்கு, கண்பார்வை இழந்த, வஸ்திரம் வெளுக்கும் முதியவர் ஒருவர், திருமேனியில் சாத்திய ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைச் சுவைத்து, இவரே அவர் என்று உறுதி கூறினார் என்பது நீங்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அன்று எழுந்த ஐயம், வந்தவர் யார் என்பதே. 48 ஆண்டு கழிந்தபின் அவருக்கு இங்கே என்ன பாத்தியதை என்பதன்று.

இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு மக்களிடம் அந்தப் பாத்தியதைக் கேள்விதான் கேட்கப்பட்டது. 1992-இல் யுத்தத்தால் வெளியேறிய அம்மீனவக் குடும்பங்கள், 2009-இல் யுத்தம் ஓய்ந்த பின்னரும், கடற்படை அங்கே நிலைகொண்டிருந்தமையால், எதிர்க்கரையில் இரணைமாதாநகரிலேயே காத்திருந்து, 2017 மே முதல் நாள் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு சாத்விகமாகப் போராடியும் பலன் காணாமையால், 2018 ஏப்ரல் 23-இல் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாமே சென்று இறங்கி, இடிந்த வீடுகளுக்கிடையே தங்கள் மாதா கோயிலில் கூடிப் பிரார்த்தித்தார்கள்; பின்னர் அரசாங்கம் இணங்க நேர்ந்தது. இந்து மகாசமுத்திரத்துச் சாகோஸ் தீவினரோ, 1973-க்குள் முற்றாக அகற்றப்பட்டு, அரை நூற்றாண்டு கடந்தும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருச்சிராப்பள்ளிக் கொட்டப்பட்டு முகாமிலே, இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த குடும்பங்கள் இரண்டு தலைமுறையாக வாழ்கின்றன. பாட்டிக்கு ஊர் என்றால் அக்கரையில் விட்டுவந்த வளவும் கிணறும்; முகாமிலேயே பிறந்து வளர்ந்த பேரனுக்கோ திருச்சியே ஊர். ஒருவன் தன் நாட்டுக்குத் திரும்பும் உரிமையை 1948-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் சர்வதேச மனித உரிமைப் பிரகடனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் உரிமை வேறு, நிர்ப்பந்தம் வேறு. போ என்று பேரனைத் துரத்துவதும், போகாதே என்று பாட்டியைத் தடுப்பதும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.

ஆகையால், திரும்ப விரும்புவோருக்குப் பிரயாண வசதியும் அவர்களுடைய காணியும், இங்கே வாழ விரும்புவோருக்குப் பிரஜாவுரிமையும் கிடைக்கவேண்டும். இரண்டில் எது என்று முடிவு செய்யவேண்டியவர்கள் அவர்களே. இதனை இச்சபை தீர்மானமாக நிறைவேற்றி, இரு நாட்டு அரசாங்கங்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.