தாம்பரத்தில் இறங்கியதும் என்ன செய்ய வேண்டும்?

(கள்ளக்குறிச்சியில் நடந்த மருத்துவ உதவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஊரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் சில நோய்களுக்குச் சென்னைக்குத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். வெள்ளிமலையிலிருந்து வருபவர் முதலில் மலை இறங்கி இங்கே வர வேண்டும். இங்கிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் விடியற்காலையில் கிளாம்பாக்கம். நம்மில் பலர் தடுமாறுவது அதற்குப் பிறகுதான்.

என் கதையையே சொல்கிறேன். என் மாமியாரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது வழி தெரியாமல் ஆட்டோ பிடித்தேன். கையிலிருந்த மருந்துப் பணத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. திரும்பும்போது ஒருவர் சொல்லித்தான் ரயிலில் வந்தோம். பத்து ரூபாய்க்கும் குறையாத செலவு என்று பயந்தால், இருவருக்கும் சேர்த்தே ஒரு டீ, வடைக்கு ஆகிற காசுதான்!

கிளாம்பாக்கத்திலிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம் வாருங்கள். அங்கிருந்து பீச் வரை 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. விடியற்காலை முதல் இரவு வரை வண்டி உண்டு. சாதாரண வண்டியில் கட்டணம் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது.

எங்கே இறங்குவது? நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அடுத்த நிலையமான தாம்பரம் சானடோரியம். 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய அந்த சானடோரியத்தின் பெயர்தான் நிலையத்துக்கும். குழந்தைகள் மருத்துவமனைக்கும் மகப்பேறு மருத்துவமனைக்கும் எழும்பூர். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் பார்க். அங்கிருந்து நடந்தே போகலாம்.

நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, டிக்கெட் எடுக்காமல் ஏறாதீர்கள். பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். இரண்டு, முதல் வகுப்புப் பெட்டியிலும், 2025 ஏப்ரலில் வந்த ஏ.சி. வண்டியிலும் சாதாரண டிக்கெட் செல்லாது. மூன்று, பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. ஆனால் நோயாளியும் துணைக்குப் போகும் ஆணும் ஒரே பொதுப் பெட்டியில் ஏறுங்கள். வண்டி அரை நிமிடம்தான் நிற்கும். பிரிந்தால் தேடுவது கஷ்டம்.

நான்காவதுதான் முக்கியம். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதீர்கள். அன்று எதிர் பிளாட்பாரத்தில் வண்டி நிற்பதைப் பார்த்து, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் கீழே இறங்கப் போனேன். பூ விற்கும் ஓர் அம்மா சத்தம் போட்டுத் தடுத்தார். அடுத்த நொடி பக்கத்துத் தடத்தில் எக்ஸ்பிரஸ் ஒன்று நிற்காமல் போனது. இன்றும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. படி ஏற முடியாதவர் மெதுவாக ஏறட்டும். ஒரு வண்டி போனால் அடுத்தது வரும். உயிர் போனால் வராது.

நமக்கு ரயில் என்றால் சின்னசேலம்தான் ஞாபகம் வரும். மின்சார ரயிலில் ஏறிப் பழகாதது நம் குற்றமல்ல. ஆனால் தெரிந்தவர்கள் சொல்லாமல் இருப்பது குற்றம். உதவித்தொகை கொடுக்கும்போது, இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். முதல் முறை போகிறவருக்கு, மலைவாழ் சகோதரராக இருந்தாலும் யாராக இருந்தாலும், சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒருவர் தாம்பரம் வந்து ஏற்றிவிடட்டும்.

நோயாளிகள் அனைவரும் சுகம் பெற்று வீடு திரும்ப துஆ செய்வோம்.