இடம் விட்ட மேசை



டென்மார்க்கில் வாழும் பழைய மாணவிகளாகிய நாங்கள் ஒன்றுகூடுவது ஒரு பழைய தேக்கு மேசையைச் சுற்றித்தான். 1950களிலும் 1960களிலும் அந்நாட்டில் இத்தகைய சாப்பாட்டு மேசைகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. பொர்கெ மொகென்சன் போன்ற வடிவமைப்பாளர்கள், சாதாரண குடும்பங்களுக்கும் உறுதியான, எளிமையான தளபாடங்கள் வேண்டும் என்று உழைத்த காலம் அது.

1980களில் அகதிகளாக வந்த நாங்கள், பழைய பொருட்கள் விற்கும் கடையில் அதை மலிவாக வாங்கினோம். பார்வைக்கு நால்வருக்கான மேசை. மேற்பலகையின் கீழே இரண்டு பலகைகள் மறைந்திருக்கும். இருபுறமும் இழுத்தால் எட்டுப்பேர் இருக்கலாம். புதிதாக வந்த எவரையும் நாங்கள் இடமில்லை என்று அனுப்பியதில்லை.

ஒருநாள் தோழி ஒருத்தி சூடான கறிச்சட்டியை அப்படியே வைத்துவிட்டாள். வெள்ளை வட்டம் விழுந்தது. மரத்தின் இழையோடு மெல்லத் தேய்த்து எண்ணெய் பூசினால் போய்விடும். ஆனால் அவள் இன்று எங்களோடு இல்லை. அந்த வட்டத்தை நாங்கள் தேய்க்கவில்லை.

இப்போது அந்த மேசைக்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள் பிள்ளைகள். விற்க மாட்டோம்.

"தள்ளி இருங்கோ, பிள்ளைக்கு இடம் விடுங்கோ" என்று வகுப்பு வாங்கில் எங்களுக்குச் சொல்லித் தந்தது நமது கல்லூரிதானே! நூறாண்டு கண்ட அன்னைக்கு எங்கள் நன்றி.