வெயிலில் சாவது விதியல்ல! உயிருக்கும் கூலிக்கும் சேர்த்தே போராடுவோம்!

(ஒன்றியப் பேரவைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் நாம் தண்ணியைப் பற்றிப் பேசுவோம். மேட்டூர் எப்போ திறக்கும், கடைமடைக்கு எப்போ வந்து சேரும், நெல்லுக்கு என்ன விலை, பயிர்க் காப்பீடு ஏன் வரலே? இதுதான் நம்ம பேச்சு. இன்றைக்கு வேறொன்று பேச வந்திருக்கிறோம். அந்தத் தண்ணியைப் பாய்ச்சுகிறவன், அந்த நெல்லை அறுக்கிறவள், சாயங்காலம் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

"எங்க பாட்டன் பூட்டன் பார்க்காத வெயிலா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். பாட்டன் காலத்தில் வாய்க்கால் கரை நெடுக மரம் இருந்தது. கோடையில் நிலம் ஆறப்போட்டுக் கிடந்தது. இன்றைக்குத் திருவாரூர் பக்கமெல்லாம் கோடையில் பருத்தி. மே, ஜூன் மாதத்தில், அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறபோதுதான் பஞ்சு எடுக்கிறோம். வேலையே வெயிலுக்குள் போய்விட்டது. வெயிலும் கூடிவிட்டது. 2024 கோடையில் ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போனதை எல்லோரும் பார்த்தோம்.

"அது ஈரோடு, நமக்குக் கடல்காத்து இருக்கு" என்பார்கள். இங்கேதான் ஏமாறுகிறோம், தோழர்களே. உடம்பு தன்னைக் குளிர வைத்துக்கொள்ள அதற்குத் தெரிந்த பெரிய வழி வேர்வைதான். வேர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை சொட்டுமே தவிர காயாது. சூடு உள்ளேயே தங்கிவிடும். வானிலைத் துறைக் கணக்குப்படி கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வெப்ப அலை. 36 டிகிரியில், காற்று அசையாத பருத்திக் கொல்லைக்குள், குனிந்து நிமிர்கிற பெண்ணுக்கு அந்தக் கணக்குப் பொருந்துமா? அறிவிப்பு வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத் தாக்கத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அரசாணை வந்தது. நல்ல ஆணை, வரவேற்கிறோம். ஆனால் காகிதம் வயலுக்கு வந்து சேர வேண்டாமா?

நம்ம பக்கத்திலேயே நடந்தது. பஞ்சு எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, மத்தியானம் ஒரு மணிக்கு ஏதேதோ உளற ஆரம்பித்தார். "பசி மயக்கம்" என்று வரப்பில் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது உயிர் இல்லை. சீட்டில் மாரடைப்பு என்று எழுதினார்கள். வெயிலில் வேலை பார்த்தார் என்று யாரும் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. உடம்புச் சூடு அளந்து எழுதப்படவில்லை, பிரேதப் பரிசோதனை இல்லை. மாரடைப்பு என்று எழுதினால் கோப்பு அத்தோடு மூடிவிடும். அந்த வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. நிவாரணம் ஒரு பைசா வரவில்லை.

ஆகவே கிளைத் தோழர்கள் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை இடத்தில் யார் விழுந்தாலும், என்ன வேலை, எத்தனை மணியிலிருந்து வெயிலில் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். உடம்பு வெப்பநிலையை அளந்து எழுதச் சொல்ல வேண்டும். இறப்பு நேர்ந்தால் அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் தகவல் கொடுத்து, பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டும். துக்க வீட்டில் இதைப் பேசக் கஷ்டமாகத்தான் இருக்கும். அதனால்தான் அதைச் சங்கம் செய்ய வேண்டும்.

உயிர் போகாமல் காப்பது எப்படி?

நிவாரணம் வாங்குவது இரண்டாவது. ஆள் சாகாமல் இருப்பதுதான் முதலாவது.

தாகம் எடுத்தபிறகு குடிப்பது தாமதம். வேலை நேரத்தில் இருபது நிமிசத்துக்கு ஒரு தம்ளர் தண்ணி. வெறும் தண்ணி மட்டும் போதாது, வேர்வையில் உப்பும் போகிறது. உப்புப் போட்ட நீராகாரம், மோர், கஞ்சித்தண்ணி எல்லாம் நம்ம வீட்டு மருந்து. அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சாராயமும் வெயிலும் சேர்ந்தால் எமன். பிரஷர், சர்க்கரை, சிறுநீரகத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. கோடை வருமுன்னே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெயில் பழகாத உடம்புதான் சீக்கிரம் விழும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்கு வந்த பையன், பிரசவம் முடிந்து திரும்பிய பெண், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், இவர்களை முதல் நாளே முழு வேலைக்கு இறக்காதீர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், வலிப்பு வந்தால், அது பசி மயக்கம் அல்ல. வெப்பத் தாக்கம். வேர்வை நின்றிருந்தாலும் சரி, ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, உடனே 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குத் தூக்கி, துணியைத் தளர்த்தி, போர்செட் தண்ணியோ குடத்துத் தண்ணியோ உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணி ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். அந்த அரை மணி நேரம்தான் உயிர்.

யார் நேரத்தை மாற்றுவது?

இவ்வளவும் சொல்லிவிட்டு, "மத்தியானம் வெயிலில் நிற்காதீங்க" என்று அதிகாரிகள் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். நிற்காவிட்டால் கூலி யார் கொடுப்பார்கள்? அதை நோட்டீஸில் எழுதவில்லையே!

பக்கத்துக் கேரளத்தில் கோடை வந்தால் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது: பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை கூடாது, வேலை நேரத்தை மாற்றி அமைக்க வேண்டும் என்று. நம்ம பிள்ளைகள் போய் உழைக்கிற கத்தாரில் 2021 முதல் ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. எண்ணெய்க் கம்பெனிக்காரன் நாட்டில் முடிகிறது, சோறு போடுகிற தஞ்சை மண்ணில் முடியாதா? இருட்டில் இறங்கி இருட்டில் கரையேறிய காலம் ஒன்று இருந்தது. வேலைக்கு நேரம் என்று ஒன்று உண்டு என்று கீழத்தஞ்சையில் சொன்னது சங்கம். அந்த நேரத்தை வெயிலுக்குத் தக்கபடி மாற்றச் சொல்வதும் சங்கத்தின் வேலைதான்.

ஆனால் தோழர்களே, அரசை நோக்கி மட்டும் விரல் நீட்டிவிட்டுப் போக முடியாது. நாம் பெரும்பாலோர் சிறு விவசாயி, குத்தகைதாரர். ஆனாலும் நடவுக்கும் களை பறிக்கவும் பஞ்சு எடுக்கவும் ஆள் வைக்கிறோம். நமக்கும் கையில் காசில்லை, கடன் இருக்கிறது. உண்மைதான். இருந்தாலும் நிழலும் தண்ணியும் நாம் கொடுக்கிற தர்மம் அல்ல, அவர்களுக்கு உரிய பங்கு. ஆகவே செயற்குழு முடிவு செய்திருக்கிறது: சித்திரை, வைகாசியில் நம் உறுப்பினர் நிலங்களில் காலை 6 மணிக்கு இறங்கி 11 மணிக்குக் கரையேறுவது, முழுக் கூலி. வரப்போரம் நாலு கீற்றில் ஒரு நிழல், ஒரு பானை தண்ணி. அரசிடம் கேட்பதை முதலில் நம் வயலில் செய்து காட்டுவோம்.

இதைக் கிளைக் கூட்டத்தில் சொன்னபோது பெண்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஆறு மணிக்கு வயலில் இருக்கணும்னா நாலு மணிக்கு நாங்க அடுப்பு மூட்டணும். பிள்ளையை யார்கிட்ட விடுறது?" நியாயமான கேள்வி. கோடையில் அங்கன்வாடியைக் காலையிலேயே திறக்கச் சொல்லிக் கேட்போம். அதோடு, வீட்டு ஆம்பளைங்க அடுப்படிக்குப் போனால் மீசை உதிர்ந்துவிடாது என்பதையும் இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறோம். இன்னொன்றும் சொன்னார்கள்: ஒதுங்க இடமில்லாததால் தண்ணியே குடிக்காமல் இருக்கிறோம் என்று. நாலு கம்பு நட்டு ஒரு சாக்கைக் கட்டி மறைப்பு போட எவ்வளவு செலவு? அது இல்லாமல் "நிறையத் தண்ணி குடிங்கம்மா" என்று சொல்வது வெறும் வாய்ப்பேச்சு.

ஊரக வேலைத் திட்டத்தின் கதை இன்னொரு மாதிரி. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வேலை இடத்தில் குடிதண்ணி, நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று இருந்தது. எத்தனை இடத்தில் பார்த்தோம்? 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில் நாளுக்கு இரண்டு தடவை படம் எடுத்துத்தான் வருகைப் பதிவு என்றார்கள். வேலை முடித்தவரும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்துக் கிடந்தார். 2025 கடைசியில் அந்தச் சட்டத்தையே மாற்றி வேறு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டத்தின் பேர் மாறினாலும் சூரியன் மாறவில்லை. நிழலும் தண்ணியும் வேண்டும்.

இடியும் புயலும்

கோடை மழையோடு வருவது இடி. 2022-ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் கணக்குப்படி நாட்டில் இயற்கைச் சீற்றங்களால் இறந்தவர் 8,060 பேர். அதில் மின்னல் தாக்கி மட்டும் 2,887 பேர். வெயில் தாக்கி 730 பேர். மாரடைப்பு என்று எழுதி மூடியதெல்லாம் இந்த 730-க்குள் வராது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இடி இடித்தால் அர்ச்சுனா, அர்ச்சுனா என்று சொல்லிக்கொண்டு புளியமரத்தடியில் நிற்பது நம்ம பழக்கம். அர்ச்சுனனைக் கூப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மரத்தடியை விட்டு வாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் ஆபத்து பக்கத்தில் இருக்கிறது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். ஓடிப் போக இடமில்லாவிட்டால் இரண்டு காலையும் சேர்த்துக் குந்தி, தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், படுக்காதீர்கள். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. மூச்சில்லாவிட்டால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கலாம். பயந்து தள்ளி நிற்காதீர்கள்.

புயலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியதில் லட்சக்கணக்கான தென்னை சாய்ந்தது. அந்த இரவு கற்றுக்கொடுத்ததை மறக்காமல் இருந்தால் போதும். காற்று திடீரென்று அடங்கினால் புயல் போய்விட்டது என்று வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம், எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும். மறுநாள் அறுந்து கிடக்கிற கரண்டு கம்பியை மிதிக்காதீர்கள், தண்ணியில் நின்று மோட்டார் சுவிட்சைப் போடாதீர்கள். ஒழுகுகிற தொகுப்பு வீட்டில் "மாடு கன்று இருக்கே" என்று தங்கிவிடாதீர்கள். கால்நடையை முன்கூட்டியே கயிற்றை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட்டு முகாமுக்குப் போங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, எல்லோர் வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

நம் கோரிக்கைகள்

1. கோடையில் பகல் 12 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலை கூடாது என்று கூலிக் குறைவின்றி அரசாணை வெளியிடு!

2. ஊரக வேலைத் திட்டத்தில் கோடைக்கு வேலை அளவைக் குறை! வருகைப் பதிவுக்காக வெயிலில் நிறுத்தாதே! நிழல், தண்ணீர், பெண்களுக்கு மறைப்பு உறுதி செய்!

3. நெல் கொள்முதல் நிலையங்களில் காத்துக் கிடக்கும் விவசாயிக்கும் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் கொட்டகையும் குடிநீரும் கொடு!

4. வேலை இடத்தில் விழுந்தவருக்கு உடம்பு வெப்பநிலை பதிவைக் கட்டாயமாக்கு! 4 லட்சம் நிவாரணத்தை அலைக்கழிக்காமல் வழங்கு!

5. ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வெப்ப எச்சரிக்கையும் இடி எச்சரிக்கையும் ஊராட்சி ஒலிபெருக்கியில் அறிவி!

6. கோடையில் அங்கன்வாடியைக் காலை 6 மணிக்குத் திற! பழுதான தொகுப்பு வீடுகளைப் புயல் மாதத்துக்கு முன் புதுப்பித்துக் கொடு!

இந்தக் கோரிக்கைகளோடு வருகிற திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகம் முன்பு கூடுகிறோம். காலை 9 மணிக்கு வந்து, 11 மணிக்குள் மனுவைக் கொடுத்துவிட்டு நிழலுக்குப் போய்விடுவோம். வெயிலுக்கு எதிரான போராட்டத்தில் ஒரு தோழர்கூட வெயிலில் விழக் கூடாது. ஆளுக்கொரு தண்ணிப் பாட்டில், தலைக்கு ஒரு துண்டு. வயதானவர்கள் கையெழுத்தை அனுப்பினால் போதும்.

மழையும் வெயிலும் நம் கையில் இல்லை. எத்தனை மணிக்கு வயலில் இறங்குவது, எத்தனை மணிக்குக் கரையேறுவது என்பது நம் கையில் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று கூறி விடைபெறுகிறோம். திங்கட்கிழமை சந்திப்போம்.