வாடகை உதவியும் வாயிற்கதவும்

(சித்தையன்கோட்டையில், இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

கொடை வேறு, கொடை வந்து சேரும் காலம் வேறு என்பதைப் புறநானூறு பயின்ற ஓர் அவைக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தருவதாகச் சொல்லி நாள் கடத்திய புரவலரை நோக்கிப் புலவர் பாடிய பாடல்கள் ஒன்றிரண்டல்ல. அவற்றுக்கெனவே 'பரிசில் கடாநிலை' என்றொரு துறை வகுக்கும் அளவுக்கு அந்தக் காத்திருப்பு வழக்கமாக இருந்திருக்கிறது. குமணனிடம் பெற்ற வளத்தோடு இல்லம் திரும்பிய பெருஞ்சித்திரனார், அதை யார் யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று மனைவிக்குச் சொல்லும்போது, பசித்த நாளில் குறியெதிர்ப்பை தந்தவர்களையும் மறவாமல் சேர்க்கிறார். பரிசில் வருமுன்பே கடன் பிறந்துவிட்டது. அந்நாளில் அளந்து கொடுத்த அயல் வீட்டார், என்றோ வரப்போகும் மன்னன் கொடையை நம்பி அளந்திருக்க மாட்டார்கள். வாசலில் நின்ற பெண்ணின் முகத்தை நம்பியே அளந்திருப்பார்கள்.

இன்றைய பேச்சின் பொருள் அந்த அயல் வீட்டாரைப் பற்றியதே. களம் மட்டும் வேறு. பிரித்தானியாவில் வாடகை கொடுக்க இயலாத குடும்பங்களுக்கு அரசே வாடகைக்கான உதவித்தொகை தருகிறது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 'ஹவுசிங் பெனிஃபிட்' என்ற பெயரில் அது ஒழுங்கு பெற்றது. ஆயினும், அரசின் பணம் பெறுகிறவர் என்று தெரிந்த அளவிலேயே கதவைச் சாத்திக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் அந்நாட்டில் மிகப் பலர். அரசைவிட உறுதியாகப் பணம் தரக்கூடியவர் யார் என்றே நம்மூரில் கேட்கத் தோன்றும். அங்கேயோ, 'நோ டி.எஸ்.எஸ்.' என்ற இரண்டு சொற்கள் வாடகை விளம்பரங்களில் பல்லாண்டுக் காலம் இடம்பெற்றிருந்தன. டி.எஸ்.எஸ். என்பது 1988இல் தோன்றிய சமூகப் பாதுகாப்புத் துறையின் சுருக்கப் பெயர். அத்துறை 2001இல் கலைக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் அதன் பிறகும் இருபதாண்டு அளவுக்கு, மனிதரை விலக்குவதற்கென்றே உயிரோடிருந்தது.

வீட்டுக்காரரின் நெஞ்சில் இரக்கமில்லை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. கவிஞர்களுக்கு அது இன்னும் எளிது. ஆனால் கணக்கைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

திண்டுக்கல், மதுரைப் பக்கத்தில் வீடு 'ஒத்திக்கு' விடும் வழக்கம் அவையோர் அறிந்ததே. மொத்தத் தொகையை முதலிலேயே வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருக்க விட்டு, காலம் முடிந்ததும் தொகையைத் திருப்பித் தருவது. ஒத்திக்கு விடுகிறவருக்கு வாடகை வருமா என்ற கவலையே இல்லை. மாத வாடகைக்கு விடுகிறவரும் சில மாத வாடகையை முன்பணமாக வாங்கி வைக்கிறார். பணம் முன்னே வர வேண்டும், குடி பின்னே வர வேண்டும் என்பதே எங்கும் வீட்டுக்காரரின் விதி. இலண்டன் வீட்டுக்காரரும் மாதத் தொடக்கத்திலேயே வாடகை கேட்கிறார். ஆனால் அரசின் உதவித்தொகையோ காலம் கழிந்த பிறகு வருகிறது. பழைய முறையில் அது பெரும்பாலும் நான்கு வாரம் முடிந்த பின் வந்தது. 2013 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த 'யுனிவர்சல் கிரெடிட்' முறையில், விண்ணப்பித்தவர் முதல் தொகைக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018இல் அதை ஐந்து வாரமாகக் குறைத்தார்கள். அந்த ஐந்து வாரமும் வீட்டுக்காரர் தம் வங்கிக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். குடியிருப்பவரோ முன்கடன் வாங்கிப் பின்னர் உதவித்தொகையில் கழிக்க வேண்டும். குறியெதிர்ப்பை மறுபடியும் வந்துவிட்டது.

காலம் ஒன்று, அளவு மற்றொன்று. தொகை எவ்வளவு என்பதை வீட்டுக்காரர் கேட்கும் வாடகை தீர்மானிப்பதில்லை. 2008 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த 'லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்' முறைப்படி வட்டாரந்தோறும் உச்சவரம்பு குறிக்கப்படுகிறது. அவ்வட்டாரத்து வாடகைகளைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தினால் நட்ட நடுவில் நிற்கும் வாடகையே தொடக்கத்தில் வரம்பாக இருந்தது. 2011இல் அதை நூற்றில் முப்பதாம் இடத்துக்கு இறக்கினார்கள். அதாவது பத்து வீடுகளில் மூன்றுக்கு மட்டுமே அந்தத் தொகை போதும். அதோடும் நிற்கவில்லை. 2016 முதல் நான்காண்டுகள் தொகையை உயர்த்தாமல் உறைய வைத்தார்கள். 2020இல் மீண்டும் முப்பதாம் இடத்துக்குக் கொண்டுவந்து, உடனே மறுபடியும் உறைய வைத்தார்கள். 2024 ஏப்ரலில் உயர்த்தினார்கள், 2025இல் உயர்த்தவில்லை. வாடகை ஆண்டுதோறும் ஏற, உதவி மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. வாடகை ஆயிரம் பவுன், உதவி எண்ணூறு பவுன் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், எஞ்சிய இருநூறும் அரிசிக்கும் பாலுக்கும் பிள்ளையின் காலணிக்கும் உரிய பணத்திலிருந்தே வர வேண்டும். வராத மாதம் வரும் என்பதை வீட்டுக்காரர் அறிவார். முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டுத் தனித்து வாழ்பவராயின், 2012 முதல் பெரும்பாலும் பகிர்ந்து வாழும் அறைக்குரிய தொகைதான் கிடைக்கும்.

பணம் யார் கையில் சேர்கிறது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. முன்பெல்லாம் குடியிருப்பவர் இசைந்தால் தொகை நேரே வீட்டுக்காரருக்குப் போகும். 2008 முறையில் அது குடியிருப்பவர் கையிலேயே தரப்பட்டது. ஏழைக்கும் தன் பணத்தைத் தானே கையாளும் தகுதி உண்டு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உயர்ந்த எண்ணம்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் வாடகைப் பணம் வாடகையாகவே போய்ச் சேரும் என்பது உறுதியில்லை. பொதுவாக இரண்டு மாத நிலுவை ஏறிய பிறகே பணத்தை நேரே தமக்கு அனுப்பும்படி வீட்டுக்காரர் கேட்க முடியும். நேரே வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. உதவித்தொகை தவறுதலாகக் கூடுதலாகத் தரப்பட்டது என்று பின்னாளில் தெரியவந்தால், சில சூழ்நிலைகளில் அதை வீட்டுக்காரரிடமிருந்தே திரும்ப வசூலிக்க விதிகள் இடம் தந்தன. கொடுத்த பரிசிலை மன்னன் திரும்பக் கேட்ட செய்தியைச் சங்கப் புலவர்கள்கூடப் பாட வேண்டி வந்ததில்லை.

இவற்றோடு வங்கிகளும் சேர்ந்துகொண்டன. வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்கக் கடன் கொடுத்த சில நிறுவனங்கள், உதவித்தொகை பெறுவோரைக் குடிவைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தன. காப்பீட்டு நிறுவனங்கள் சிலவும் அவ்வாறே செய்தன. மனம் இருந்த வீட்டுக்காரருக்கும் கை கட்டப்பட்டிருந்தது.

இவ்வளவும் கணக்கு. கணக்கின் தோளில் ஏறி வருவது வெறுப்பு. உதவித்தொகை பெறுபவர் சோம்பேறி, வீட்டைப் பாழாக்குவார், குடித்துக் கூச்சலிடுவார் என்பவையெல்லாம் அந்தக் கணக்கில் இல்லாதவை. உழைத்தும் வருமானம் போதாதவர்கள், முதியவர்கள், உடற்குறை உடையவர்கள், குழந்தையோடு தனித்து வாழும் தாய்மார்கள் என்று பலரும் அந்தப் பெயரின்கீழ் வருகிறார்கள். வேலையிலிருப்பவர் ஒருவரும் வாடகை தவறக்கூடும். ஆனால் அவரை ஆளாகப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இவரை வகையாகப் பார்த்து முடிவு செய்கிறார்கள். நம்மூரில் 'சைவம் மட்டும்' என்று எழுதியும், எழுதாமலே சாதியையும் மதத்தையும் விசாரித்தும் வீடு மறுப்பவர்கள் இருக்கையில், இலண்டனைப் பார்த்து வியக்க அதிகம் இல்லை.

இலண்டனின் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹாரோ முதலிய பகுதிகளில் 1983க்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறினர். அங்கே வாடகைக்கு இருப்பவரும் தமிழர், வீட்டை விடுபவரும் தமிழர் என்ற நிலை உண்டு. ஏதிலியாக வந்தவர் வழக்கு முடியும்வரை அரசு காட்டிய இடத்தில் தங்கலாம். தஞ்சம் வழங்கப்பட்ட நற்செய்தி வந்ததும், நெடுங்காலம் நடைமுறையிலிருந்த விதிப்படி, 28 நாளில் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும். உதவித்தொகையின் முதல் தவணைக்கோ ஐந்து வாரம், அதாவது 35 நாள். இடையில் விடுபடும் ஏழு நாளைக் கவிதையில் எழுதினால் மிகை என்பார்கள், அரசாணையில் எழுதியிருந்தது. 2024 இறுதியில் 28 நாளை 56 ஆக நீட்டிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே தனி ஆட்கள் பலருக்கு மீண்டும் குறைத்தார்கள். மேலும், 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, வாடகைக்கு வருபவரின் தங்கும் உரிமையைச் சரிபார்க்கும் கடமை 2016 முதல் இங்கிலாந்து முழுவதும் வீட்டுக்காரர் மேல் விழுந்தது. தவறினால் தண்டம். கையில் காகிதம் இருந்தும், பெயரைக் கேட்ட அளவில் தயங்குபவருக்கு அது இன்னொரு காரணம் ஆயிற்று.

இத்தனை சந்தேகமும் தனியார் வாசலில் ஏன் குவிந்தது என்று கேட்டால், விடை 1980க்குப் போகிறது. அதற்கு முன் பிரித்தானிய உள்ளாட்சிகள் தாமே வீடுகளைக் கட்டி, இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தன. அவ்வாண்டுச் சட்டம் குடியிருப்பவரே அவற்றைத் தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டப்படவில்லை. வீடாகத் தந்துவந்ததை அரசு பணமாகத் தரத் தொடங்கியது. பணத்தோடு ஏழையைச் சந்தைக்கு அனுப்பியது. அந்த வாக்குறுதியில் ஓட்டைகளை வைத்தவர்கள் ஆட்சியாளர்கள். ஓட்டையைக் கண்டு வீட்டுக்காரர் மறுத்தபோது, மறுப்பு ஆட்சியாளரைச் சென்று சேரவில்லை; பெட்டியோடு நின்ற குடும்பத்தின் முகத்தில் விழுந்தது.

இவ்வூருக்கு நெடுந்தொலைவில் இல்லாத தோட்டனூத்தில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டன. முகாமின் நெடுங்காலத் துயரங்கள் வேறு பேச்சு. ஆனால் அங்கே குடிபுகுந்தவர் எந்த வீட்டுக்காரரிடமும் தம் வருமானத்தை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒரே கடலைக் கடந்த இரு உறவினரில் ஒருவருக்குச் சுவர் கிடைத்தது, மற்றவருக்குப் படிவம் கிடைத்தது.

நீதிமன்றம் மெல்ல அசைந்தது. 2020 சூலையில் யார்க் நகர நீதிமன்றம், உதவித்தொகை பெறுவோரை ஒட்டுமொத்தமாக விலக்குவது பெண்களையும் உடற்குறை உடையோரையும் மறைமுகமாகப் பாகுபடுத்துவதாகும், ஆகவே 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. வழக்கைத் தொடுத்தவர் குழந்தைகளோடு தனித்து வாழ்ந்த ஒரு தாய். செப்டம்பரில் பர்மிங்காம் நீதிமன்றமும் அவ்வழியே சென்றது. விளம்பரங்களிலிருந்து அந்த இரண்டு சொற்களும் மறையத் தொடங்கின. 2025 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம், உதவித்தொகையைக் காரணம் காட்டி மறுப்பதை வெளிப்படையாகவே தடை செய்கிறது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதையும் அது தடுக்கிறது.

ஆனால் குடிவர விரும்புபவரின் வருமானம் வாடகைக்குப் போதுமா என்று பார்த்து முடிவு செய்யும் உரிமை வீட்டுக்காரருக்கு இன்னும் உண்டு. தொகை உறைந்திருக்க வாடகை ஏறும் ஊரில், அந்தக் கேள்விக்கு விடை முன்கூட்டியே தெரிந்ததுதான். 'உதவித்தொகை பெறுவோர் வேண்டா' என்று இனி எழுத முடியாது. 'வருமானம் போதவில்லை, வருந்துகிறோம்' என்று எழுதலாம்.