மேக்கப் கலைஞ்ச பிறகு யார் நிக்கிறாங்க?

நான் விழுப்புரம் மாவட்டம் பிரம்மதேசத்திலிருந்து வந்திருக்கேன். திருநங்கைகள் மேல நட்சத்திரங்கள் காட்டுற அக்கறை பெரும்பாலும் விளம்பரந்தான் என்பது என் கட்சி.

எதிரணித் தங்கச்சி என்ன சொன்னாங்க? பெரிய நடிகர் புடவை கட்டி நடிச்சா ஜனங்க மனசு மாறுதுன்னாங்க. சரிம்மா. 2011-ல் 'காஞ்சனா'வில் சரத்குமார் திருநங்கையா நடிச்சார். 2019-ல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்துக்காக விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதே கிடைச்சது. நல்லாத்தான் நடிச்சாங்க, மறுக்கலை. அதே 2011-ல் 'நர்த்தகி'ன்னும் ஒரு படம் வந்தது. அதுல திருநங்கை வேஷத்தில் ஒரு திருநங்கையே, கல்கி சுப்ரமணியம் நடிச்சாங்க. பார்த்தவங்க கை தூக்குங்க பார்ப்போம்!

(அரங்கில் அமைதி)

ஒரு கையும் காணோமே! நடிகர் அந்த வேஷம் கட்டினா, 'என்ன துணிச்சல்'னு பாராட்டுறோம். சாயங்காலம் மேக்கப்பைக் கழுவிட்டு அவர் வீட்டுக்குப் போயிடலாம். இவங்க எதைக் கழுவுறது?

(கைதட்டல்)

எங்க பக்கம் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா தெரியும் உங்களுக்கு. இப்ப கள்ளக்குறிச்சி மாவட்டம். திருவிழாவை ஒட்டி விழுப்புரத்தில் அழகிப் போட்டி நடக்கும். சினிமாக்காரங்க சிறப்பு விருந்தினரா வருவாங்க, கிரீடம் வைப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. அப்புறம் கூவாகத்துல தாலி அறுத்து, வெள்ளைப் புடவை கட்டி அழறாங்களே, அந்தக் காலையில எத்தனை கார் நிக்குது? 2008-ல் நலவாரியம் வந்தது, 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினம்னு அங்கீகரிச்சது. அதெல்லாம் அவங்களே அலைஞ்சு போராடி வாங்கினதுங்க.

மனசு மாறுதுன்னு சொன்னதுக்கு நானே சாட்சி சொல்றேன், ஐயா. 'காஞ்சனா'வைத் திண்டிவனத்துல குடும்பத்தோட பார்த்தோம். அந்தத் திருநங்கை ஒரு பொண்ணை வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிற இடத்துல நான் அழுதேன். என் வீட்டுக்காரர் கை தட்டினார். அடுத்த மாசம் எங்க மாடி ரூமைக் கேட்டு ஒரு திருநங்கை வந்தாங்க. தையல் தெரியுமாம், ரெண்டு மாச அட்வான்ஸ் கையிலேயே வெச்சிருந்தாங்க. 'ரூம் போயிடுச்சும்மா'ன்னு சொல்லிட்டேன். போகலை. ஆறு மாசம் பூட்டித்தான் கிடந்தது.

நடுவர்: இதை ஏம்மா இங்க சொல்றீங்க?

படம் பார்த்து அழுத கண்ணுதான் ஐயா, வாசல்ல நின்னவங்களை நிமிர்ந்து பார்க்கலை. நான் பார்த்தது சரத்குமாரைத்தான். மணி அடிச்சிட்டீங்க...