பல்லாவரத்து அலமாரி, தாம்பரத்து மேடை

பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் தாண்டித் தாம்பரம். கால் மணி நேரம்கூட ஆகாது. இந்தச் சிறிய தூரத்துக்குள் சென்ற நூற்றாண்டில் இரண்டு பெரும் வாசகர்கள் குடியிருந்தார்கள். பல்லாவரத்தில் மறைமலையடிகள், தாம்பரத்தில், குடிசை வீட்டில், ப. ஜீவானந்தம். "இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று இவர்களிடம் யாராவது கேட்டிருந்தால், முன்னவர் உள்ளே போய் நாட்குறிப்பை எடுத்து வந்திருப்பார். பின்னவர் எழுந்து நின்று பேச ஆரம்பித்திருப்பார். கேட்டவர் கடைசி ரயிலைத் தவற விட்டிருப்பார்.

அந்தக் கேள்விதான் இந்த ஆண்டு அறக்கட்டளைப் பொழிவின் பொருள். படிப்பதைப் பற்றிப் பேச எத்தனையோ மேடைகள் உண்டு. படித்துக்கொண்டிருப்பதைப் பிறரிடம் சொல்வதைப் பற்றிப் பேச இடம் குறைவு. தாம்பரம் வட்டாரத்தில் நடக்கும் பொழிவு என்பதால் கையெட்டும் தூரத்து மனிதர்களிடமிருந்தே தொடங்குவது முறை.

மறைமலையடிகள் 1898இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு அது வந்தது 1937இல்தான். பதின்மூன்று ஆண்டுகள் பாடம் சொல்லிவிட்டு 1911இல் வேலையை விட்டுப் பல்லாவரத்துக்குக் குடிபெயர்ந்தார். கல்லூரி பின்னால் வரப்போகிற திசைக்கு ஆசிரியர் முன்னதாகவே வந்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1898 முதல் 1950இல் மறையும் வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை அதை ஆங்கிலத்தில் எழுதினார் என்பது பலரைத் திடுக்கிட வைக்கும் செய்தி. இந்தப் பொழிவுக்கு அது முக்கியமில்லை. அரை நூற்றாண்டுக் காலம் ஒரு தமிழறிஞர் தம் நாள்களை விடாமல் குறித்து வைத்தார், அந்த நாள்களில் பெரும்பகுதி புத்தகங்களோடு கழிந்தவை என்பதே முக்கியம்.

படித்ததைக் குறித்து வைப்பது உலகெங்கும் உள்ள பழக்கந்தான். சார்லஸ் டார்வின் 1838 தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் படித்த நூல்களுக்கு ஒரு பட்டியலும் படிக்க வேண்டியவற்றுக்கு இன்னொரு பட்டியலும் வைத்திருந்தார். அந்தக் குறிப்பேடுகளைக் கொண்டு அவருடைய சிந்தனை போன வழியை ஆய்வாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

அடிகள் குறிப்போடு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் அடிசன் எழுதிய கட்டுரைகளில் தோய்ந்தார். அதன் விளைவு 'சிந்தனைக் கட்டுரைகள்'. ரெயினால்ட்ஸின் 'லைலா' நாவலைப் படித்தார். அது 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' ஆயிற்று. காளிதாசனைப் படித்தார், சாகுந்தலம் தமிழில் வந்தது. ரெயினால்ட்ஸ் அந்தக் காலத்துத் தமிழ் நாவலாசிரியர்கள் பலருக்கு அட்சய பாத்திரம். ஆரணி குப்புசாமி முதலியார் உள்ளிட்ட பலர் அவரைத் தழுவி எழுதினார்கள். இன்றைய கண்ணுக்கு அது சுமாரான இலக்கியம். ஆனால் ஒருவர் இரவு முழுக்கக் கண்விழித்துப் படித்த கதையை மறுநாள் ஊருக்குச் சொல்லத் துடிக்கும் வேகம் அந்தத் தழுவல்களில் இருக்கிறது. பகிர்தலின் முதல் வடிவம் அதுதான்.

பல்லாவரத்து வீட்டில் அவர் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ 4,000. அவர் காலமான பிறகு, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை முயற்சியால் 1958இல் மறைமலையடிகள் நூல் நிலையம் உருவானது. லிங்கிச் செட்டித் தெருவில் பல்லாண்டுகள் இருந்து பின்னாளில் கன்னிமாரா நூலகத்துக்குப் போனது. அலமாரி திறந்தது, நல்லதுதான். ஆனால் பல்லாவரத்துத் தெருவில் அவர் நடந்துபோன நாளில் எதிரே வந்தவருக்கு அவர் அன்று காலை எதைப் படித்தார் என்று தெரிய வழியில்லை. எழுத்து பத்திரமாக இருந்தது; ஊருக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஜீவா என்று அழைக்கப்பட்ட ஜீவானந்தம் நேர் எதிர். 1907இல் பூதப்பாண்டியில் பிறந்த அவரும் இளமையில் தனித்தமிழ்ப் பற்றாளர். பல்லாவரத்துக்கு அடிகளைப் பார்க்கப் போனவர்.  பொதுவுடைமைக் கட்சித் தலைவர், 1952இல் வண்ணாரப்பேட்டைச் சட்டமன்ற உறுப்பினர் என்பதெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது. அவருடைய வாசிப்பு எங்கே போனது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அது மேடைக்குப் போனது. பாரதியைத் தொழிலாளர் கூட்டங்களுக்கு எடுத்துச் சென்றார். கம்பனைத் தீயிலிட வேண்டும் என்று குரல் எழுந்த காலத்தில், நாத்திகராக இருந்துகொண்டே கம்பனில் தாம் கண்டதை மணிக்கணக்கில் எடுத்துச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அந்தப் பேச்சே புத்தகம். கூட்டம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனது கட்சித் துண்டறிக்கையை மட்டுமில்லை, ஏழெட்டு வரிக் கவிதையையும்.

1963 ஜனவரி 18இல் ஜீவா மறைந்தார். அவர் தொடங்கிய 'தாமரை' இதழில் சுந்தர ராமசாமி அவரைப் பற்றி எழுதிய அஞ்சலிக்குக் 'காற்றில் கலந்த பேரோசை' என்று பெயர். தமிழில் எழுதப்பட்ட அஞ்சலிகளில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய கட்டுரை. பாராட்டாக வைத்த தலைப்பில் ஒரு நஷ்டக் கணக்கும் இருக்கிறது. ஜீவா பேசியவற்றில் அச்சுக்கு வந்தது சொற்பம். மற்றவை, கேட்டவர்களின் நினைவோடு போயின.

ஆக, ஒருவரிடம் எழுத்து தங்கியது, ஊர் கேட்கவில்லை. இன்னொருவரிடம் ஊர் கேட்டது, எழுத்து தங்கவில்லை. நடுவே ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. அதைப் பற்றி யோசித்தவரும் கிறித்துவக் கல்லூரிக்காரர்தான்.

சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் அந்தக் கல்லூரியில் கணிதம் படித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். வந்த சில நாள்களிலேயே, ஆள் நடமாட்டமில்லாத அந்த அறையில் உட்கார முடியவில்லை, வகுப்புக்கே திரும்புகிறேன் என்று கெஞ்சினார். லண்டனுக்குப் படிக்கப் போய் அங்கே பொது நூலகங்களைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. 1931இல் நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வந்தன. அவற்றில் இரண்டு நம் பொருளுக்கு நேரானவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும். முதலாவதை யாரும் சொல்லிவிடலாம். இரண்டாவது அபாரமானது. எங்கோ ஓர் அடுக்கில் தூசி படிந்து கிடக்கும் புத்தகத்துக்கும் ஓர் ஆள் காத்திருக்கிறார் என்று நம்பியவர் அவர். அந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே 1931 அக்டோபரில் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். புத்தகம் வாசகரைத் தேடிப் போனது. 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்ததிலும் ரங்கநாதனின் பங்கு பெரிது. பின்னாளில், 1961இல், மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து நூலகவியலுக்கென்று ஓர் அறக்கட்டளையையும் ஏற்படுத்தினார். ஒருவர் படித்ததை ஆண்டுதோறும் ஊர் கூடிக் கேட்பதற்கு அறக்கட்டளைப் பொழிவைவிடப் பொருத்தமான வழி அவருக்கும் தோன்றவில்லை போலும்.

ஆனால் சட்டமும் வண்டியும் புத்தகத்தைத்தான் கொண்டுவரும். "இதைப் படி" என்று சொல்ல மனிதர் வேண்டும். தமிழில் அந்த உரையாடல் செய்த பெரிய காரியம் 1880இல் கும்பகோணத்தில் நடந்தது. கல்லூரித் தமிழாசிரியரான உ.வே. சாமிநாதையரிடம் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். முதலியாரின் முகத்தில் சலனமே இல்லை. சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டதும் ஐயர் திகைத்துப் போனார். அவர் அந்த நூலைக் கண்டதே இல்லை. முதலியார் தம்மிடமிருந்த பிரதியைக் கொடுத்ததோடு, பாடம் கேட்கவும் வந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பிறகு ஐயர் பழஞ்சுவடிகளைத் தேடிச் சேர்ப்பதை விடவில்லை. அந்தக் கேள்வியின் பயனான சுவடிகள் இன்று பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையத்தில் இருக்கின்றன. தாம்பரத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணம்.

அந்த உரையாடலில் ஒரு நேர்மை உண்டு. படிக்காததைப் படிக்கவில்லை என்று ஐயர் ஒப்புக்கொண்டார். பிற்காலத்தில் 'என் சரித்திர'த்தில் அதை ஒளிக்காமல் எழுதினார். இன்று அந்தக் கேள்விக்குப் பலர் தரும் விடை வேறு மாதிரி. கையில் இருக்கும் துப்பறியும் கதையைச் சொல்லாமல், மூன்று வருடமாகப் பாதியில் நிற்கும் டால்ஸ்டாயைச் சொல்வார்கள். இது பொய்யில்லை, கல்யாணத்துக்குப் பட்டு உடுத்துவது மாதிரி. ஆனால் இப்படிச் சொல்வதால் யாரும் டால்ஸ்டாயைத் தேடிப் போனதில்லை.

தேடிப் போக வைத்தவர்கள் வேறு. க.நா. சுப்ரமண்யம் தம் நூலுக்கே 'படித்திருக்கிறீர்களா?' என்று பெயர் வைத்தார். அவர் போட்ட பட்டியல்களோடு சண்டை போட்டே ஒரு தலைமுறை வாசகர்களானது. அசோகமித்திரன் பல்லாண்டுகள் பொறுப்பேற்று நடத்திய 'கணையாழி'யில் சுஜாதா கடைசிப் பக்கம் எழுதினார். அந்த மாதம் படித்த கவிதை, பார்த்த படம், எரிச்சலூட்டிய நூல் எல்லாம் அங்கே வரும். பட்டியலைவிட அந்தப் பக்கம் ஒருபடி மேல். ஏனென்றால் அது சூடு ஆறாமல் வந்தது; அடுத்த மாதம் கருத்தை மாற்றிக்கொள்ளவும் அதில் இடமிருந்தது.  

ஜீவாவின் குரலும் அடிகளின் குறிப்பேடும் ஓரளவு ஒன்று சேர்ந்த இடம் 'இலக்கியச் சிந்தனை'. 1970இல் தொடங்கிய இந்த அமைப்பில் மாதம் ஒருவர், அந்த மாதப் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளைப் படித்துவந்து, கூட்டத்தில் அவற்றைப் பற்றிப் பேசி, ஒன்றைத் தேர்வு செய்வார். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளும் நூலாகும். அவற்றில் ஒன்று அந்த ஆண்டின் சிறந்த கதை. பேசியவர்களில் பேராசிரியர்களும் உண்டு, சாதாரண வாசகர்களும் உண்டு. சொன்னதும் நடந்தது, எழுத்தும் தங்கியது.

அமெரிக்காவில் சியாட்டில் நூலகத்தில் நான்சி பேர்ல் 1998இல், நகரமே ஒரே நூலைப் படித்தால் என்ன என்று ஒரு திட்டம் தொடங்கினார். பல நகரங்கள் பின்பற்றின. தமிழ்நாட்டுக்கு அது புதிதாகத் தோன்றாது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது வாரா வாரம் ஊரே ஒரே அத்தியாயத்தைப் படித்தது. கிழித்துத் தைத்து பைண்டு செய்த அந்தத் தொகுப்புகள் எத்தனை வீடுகளுக்குக் கைமாறின என்பதற்குக் கணக்கே கிடையாது. இப்போது அந்த ஒற்றை நூல் இல்லை, ஆளுக்கொரு நூல். பெங்களூரு கப்பன் பூங்காவில் 2023இன் தொடக்கத்திலிருந்து வார இறுதிகளில் ஒன்றாக உட்கார்ந்து ஆளுக்கொரு நூலை மௌனமாகப் படிக்கிறார்கள். பழக்கம் பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் கையில் என்ன நூல் என்று எட்டிப் பார்ப்பதுதான் அதில் பாதி சுகம்.

தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. பல்லாவரமும் அதில் அடக்கம். அடிகளின் ஊரும் ஜீவாவின் ஊரும் இப்போது ஒரே மாநகராட்சி. இங்கே வீடு வைத்திருப்பவர்கள் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். நூலகம் இலவசம் என்று நினைப்பவர்கள் ரசீதை ஒருமுறை பார்க்கலாம். கிளை நூலகங்களில் காலையிலேயே இடம் பிடிப்பவர்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மிகுதி. அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. அவர்களும் வாசகர்களே, எந்த வழிகாட்டி நூல் உதவும், எது காசுக்குக் கேடு என்பதை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைப் போல இலக்கிய வாசகர்கள் சொல்லிக்கொள்வதில்லை.

நூலக வாசலில் வருகைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து என்று கட்டங்கள். அதில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்: இப்போது படிக்கும் நூல். விருப்பமிருந்தால் எத்தனையாவது பக்கம் என்றும், பிடித்திருக்கிறதா என்று ஒரு வரியும் எழுதலாம். டால்ஸ்டாய் வேண்டாம், கையில் இருப்பதை எழுதினால் போதும். பாதியில் விட்டதை, விட்டேன் என்றே எழுதலாம். ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டிய வாசகர் வட்டம் மாதம் ஒரு மாலை அந்தப் பக்கங்களை எடுத்துப் படித்துக் காட்டட்டும். எழுதியவர் வந்திருந்தால் ஐந்து நிமிடம் பேசட்டும். யாரும் கேட்காமல் கிடக்கும் நூல் எது, நாலு பேர் தேடியும் கிடைக்காத நூல் எது என்பது நூலகருக்கும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இதற்கு அரசாணை தேவையில்லை, நிதியும் தேவையில்லை. பதிவேட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டால் போதும். இந்தப் பொழிவுக்கு வந்திருப்பவர்களும், பின்னால் இந்தச் சிறுநூலைக் கையில் எடுப்பவர்களும் அடுத்த முறை தங்கள் கிளை நூலகத்துக்குப் போகும்போது அந்தக் கோட்டைப் போடும்படி நூலகரைக் கேட்க வேண்டும். அவர் போட்டதும் முதல் வரியைத் தாங்களே எழுத வேண்டும்.